கருணை கட்டிய கற்சிறை

சார்லஸ் வில்லியம்ஸ் என்பது அவன் பெயர். வயது 18. தொழில், உழவு. இனம், கறுப்பு. செய்த குற்றம், திருட்டு. 20 டாலர் பெறுமான கடிகாரம் ஒன்று, 3 டாலர் பெறுமான பொன் முத்திரை ஒன்று, பொன் சாவி ஒன்று. இவ்வளவே அவன் கவர்ந்த செல்வம். விதிக்கப்பட்ட தண்டனை 2 ஆண்டு.

1829ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 25ஆம் நாள், அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரில் புதிதாக எழுந்திருந்த கிழக்கு மாநிலச் சிறைக்கோட்டத்தின் வாயிலுக்குள் அவன் கொண்டுசெல்லப்பட்டான். அந்தச் சிறையின் முதல் கைதி அவன்தான். அவனுக்கு இடப்பட்ட எண் 1. பெற்றோர் இட்ட பெயர் வாயிலிலேயே நின்றுவிட்டது. எண் மட்டும் உள்ளே சென்றது!

உள்ளே செல்வோரை அடித்தார்களா? இல்லை. பட்டினி போட்டார்களா? இல்லை. இருட்டறையில், எலிகளுக்கிடையே, ஈரத் தரையில் தள்ளினார்களா? அதுவும் இல்லை. தூய்மையான அறை, குளிர் போக்கச் சூடான காற்று, குழாய் நீர், கழிப்பிடம், மேற்கூரையில் வெளிச்சம் வர ஒரு சாளரம், கைத்தொழில் கற்க வாய்ப்பு. குடியரசுத் தலைவர் குடியிருந்த வெள்ளை மாளிகைக்கே 1833இல்தான் குழாய் நீர் வந்தது. கைதிக்கு 1829இலேயே வந்துவிட்டது!

"ஆகா! என்னே இவர்தம் இரக்கம்!" என்று கூறத் தோன்றுகிறதல்லவா? நமக்கும் தோன்றுகிறது. தோன்றுவதனாலேதான் இந்தச் சிறையைப் பற்றி எழுதுகிறோம். கொடியவர்கள் கட்டிய கொடுஞ்சிறைகளைப் பற்றி எழுத ஏடு போதாது. ஆனால் அவற்றால் நாம் புதிதாய்க் கற்பது எதுவுமில்லை. நல்லவர்கள், நல்ல நோக்கத்தோடு, நாட்டின் பெரும்பொருளைச் செலவிட்டுக் கட்டிய ஒரு சிறை, மனிதனைச் சித்திரவதை செய்யும் இடமாக எப்படி மாறிற்று? இந்தக் கேள்வியிலேதான் நாம் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது.

அந்த நல்லவர்கள் யார் என்பதை முதலில் காண்போம். அதற்கு முந்திய காலத்துச் சிறை எப்படி இருந்தது? கொலைகாரனும் கடன்காரனும், முதியோரும் சிறுவரும், சில இடங்களில் ஆணும் பெண்ணும்கூட, ஒரே கொட்டடியில். காசு உள்ளவனுக்குச் சோறும் சாராயமும். இல்லாதவனுக்கு நோயும் சாவும். தண்டனை என்றால் சவுக்கடி, சூடு, தூக்குமரம். அதைக் காண ஊர்த் திருவிழாபோல் கூட்டம். இந்தக் காட்டுமிராண்டித்தனத்தைக் கண்டு நெஞ்சு பொறாத சிலர் 1787இல் பிலடெல்பியாவில் ஒரு சங்கம் அமைத்தனர். சிறைகளில் வாடுவோரின் துன்பத்தைத் தணிப்பதே அதன் நோக்கம். விடுதலைச் சாசனத்தில் ஒப்பமிட்ட மருத்துவர் பெஞ்சமின் ரஷ் அதன் முன்னோடிகளுள் ஒருவர். பொது இடத்தில் தண்டிப்பது மக்களைத் திருத்துவதில்லை, கெடுக்கிறது என்று அவர் கட்டுரை படித்தது, அறிவியலறிஞர் பெஞ்சமின் பிராங்கிளினின் இல்லத்திலே! குவேக்கர் என்னும் சமயப் பிரிவினர் பலர் அந்தச் சங்கத்துக்குத் துணை நின்றனர். போரை வெறுப்போர், அடிமை முறையை எதிர்த்தோர். இவர்களை இழித்துப் பேச நமக்கு உரிமையில்லை, காரணமும் இல்லை.

இவர்கள் ஒரு கருத்துக் கொண்டிருந்தனர். ஒவ்வொரு மனிதன் உள்ளத்திலும் தெய்வ ஒளி ஒன்று இருக்கிறது. உலகத்தின் கூச்சலும் தீயோர் கூட்டுறவும் அதை மூடி மறைக்கின்றன. அந்தக் கூச்சலை அடக்கிவிட்டால், அவனைத் தனியே அமர்த்திவிட்டால், ஒளி தானே வெளிப்படும். அவன் வருந்துவான், அழுவான், திருந்துவான்! இதுதான் அந்தக் கருத்து. கழுவாய் தேடும் இடம் என்னும் பொருளில் அச் சிறைக்குப் 'பெனிடென்ஷரி' என்று பெயரிட்டனர். துறவியர் மடத்து அறை, கைதியின் அறையாயிற்று. துறவி தானே விரும்பிக் கதவை மூடிக்கொள்கிறான். கைதிக்கு வெளியிலிருந்து பூட்டுகின்றனர். வேறுபாடு இவ்வளவுதான் என்று எண்ணினர். அந்த 'இவ்வளவு'க்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதை எண்ணவில்லை!

கருத்து கல்லாயிற்று. கட்டடக் கலைஞர் ஜான் ஹாவிலண்ட் வரைந்த திட்டத்தின்படி 1822இல் வேலை தொடங்கிற்று. 30 அடி உயர மதில். காண்போர் அஞ்ச வேண்டும் என்றே கோட்டைபோல் அமைத்த முகப்பு. நடுவே ஒரு மையக் கூடம். அதிலிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் ஏழு நீண்ட கட்டடங்கள். மையத்தில் நிற்கும் காவலன் தலையைத் திருப்பினால் போதும், எல்லா நடைக்கூடங்களும் கண்ணுக்குள் அடங்கும். செலவு ஏறத்தாழ 7,80,000 டாலர். அந்நாளில் அந் நாட்டில் எழுந்த மிக விலையுயர்ந்த கட்டடங்களுள் ஒன்று.

அறை ஒவ்வொன்றும் 12 அடி நீளம், ஏறத்தாழ 8 அடி அகலம். முதலில் கட்டிய பகுதிகளில் நடைக்கூடத்துப் பக்கம் கதவே கிடையாது; உணவு நுழைக்க ஒரு துளை மட்டும். அறைக்குப் பின்னால் உயர்ந்த சுவர் சூழ்ந்த சிறு முற்றம்; அதிலே நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் உலவலாம், தனியாக! பக்கத்து முற்றத்தார் அதே வேளையில் வெளியே வராதபடி நேரம் பிரிக்கப்பட்டது. அறையை விட்டு வெளியே அழைத்துச் செல்ல நேர்ந்தால் தலையில் முகமூடி. யாரையும் அவன் காணக் கூடாது, யாரும் அவனைக் காணக் கூடாது. காவலர் தம் காலணிமேல் காலுறை மாட்டிக்கொண்டு நடந்தனர். காலடி ஓசைகூடக் கேட்கக் கூடாதாம்! பாட்டு இல்லை; பேச்சு இல்லை; வீட்டிலிருந்து கடிதம் இல்லை. செருப்புத் தைக்கலாம், நெசவு நெய்யலாம், விவிலியம் படிக்கலாம். கூரையிலிருந்த ஒற்றைச் சாளரத்துக்குத் 'தெய்வத்தின் கண்' என்று பெயர் வழங்கிற்று.

அந்தக் கண் பார்த்துக்கொண்டே இருந்தது. என்ன பார்த்தது?

1833இல் ஒரு கைதி இறந்தான். பேசாமை என்னும் விதியை மீறிப் பேசிவிட்டான் அவன். தண்டனையாக, இரும்புக் கடிவாளம் ஒன்றை வாயிலே திணித்து, அதைச் சங்கிலியால் பின்புறம் இழுத்துக் கைகளோடு பிணைத்தனர். உயிர் போயிற்று. மாநிலச் சட்டமன்றம் 1834-35இல் விசாரணை நடத்திற்று. சவுக்கை ஒழித்துவிட்டோம் என்று பெருமைப்பட்ட இடம் அது! சவுக்கு வெளியே போயிற்று. கடிவாளம் உள்ளே வந்தது. ஏன்? மனிதன் பேசும் உயிர். பேசாதே என்றால் பேசுவான்; சுவரைத் தட்டிப் பேசுவான், நீர்க்குழாய் வழியே பேசுவான். இயற்கையை மீறிய விதியைக் காக்க வேண்டுமானால், இயற்கையை மீறிய கொடுமை தேவைப்படும். நல்லெண்ணத்துக்கும் கடிவாளத்துக்கும் இடையே உள்ள தொலைவு நாம் நினைப்பதைவிடக் குறுகியது.

1842இல் எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் அங்கே சென்றார். அறை அறையாக நுழைந்து கைதிகளோடு பேசினார். உடலைத் தாக்கும் சித்திரவதை கண்ணுக்குத் தெரிகிறது, காயம் காட்டுகிறது, கூக்குரல் எழுப்புகிறது. உள்ளத்தை நாள்தோறும் சிறிது சிறிதாக அரிக்கும் இதற்கு வெளிக்காயமும் இல்லை, குரலும் இல்லை, ஆகவே இது அதனினும் கொடியது என்ற முடிவோடு வெளியே வந்தார். இதை அமைத்தவர்கள் இரக்கமுள்ளவர்களே, ஆனால் தாம் செய்வது என்னவென்று அறியாதவர்கள் என்பதையும் அவர் மறக்காமல் எழுதினார். 1890இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கின் தீர்ப்பில், இந்தத் தனிமை முறையால் பலர் உணர்வு மழுங்கியதையும், சிலர் வெறி பிடித்ததையும், சிலர் தம்மையே மாய்த்துக்கொண்டதையும் பதிவு செய்தது.

ஆனால் அதற்குள் உலகம் என்ன செய்துகொண்டிருந்தது? பாராட்டிக்கொண்டிருந்தது! பிரெஞ்சு நாட்டு அறிஞர் தோக்வில் 1831இல் வந்து ஆராய்ந்தார். நாடு நாடாகத் தூதுக்குழுக்கள் வந்தன. படம் வரைந்து சென்றன. 1842இல் இலண்டனில் பெண்டன்வில் சிறை திறக்கப்பட்டது. 1851இல் நார்வே நாட்டுத் தலைநகரிலும் அதே முறையில் ஒரு சிறை எழுந்தது. பிலடெல்பியாவின் அச்சிலே வார்த்த சிறைகள் உலகெங்கும் ஏறத்தாழ 300 என்று கணக்கிடுவர். தொடங்கிய இடத்தில் தனிமை முறை சட்டப்படி கைவிடப்பட்டது 1913இல். 84 ஆண்டு! ஒரு தவறு தவறென்று ஒப்புக்கொள்ளப்பட மூன்று தலைமுறை!

ஏன் இத்தனை காலம் பிடித்தது? தோழர்களே, இங்கேதான் நாம் நின்று நிதானிக்க வேண்டும்.

நோக்கம் நல்லது, ஆகவே விளைவும் நல்லதாகத்தான் இருக்க வேண்டும். இது அவர்கள் கொண்ட முதல் தவறான எண்ணம். அழுத கைதியைக் கண்டபோது, "பார், வருந்துகிறான்!" என்றனர். வாய் மூடிக் கிடந்தவனைக் கண்டபோது, "பார், அமைதி பெற்றான்!" என்றனர். பிதற்றியவனைக் கண்டபோது, "முன்பே பைத்தியமாக இருந்திருப்பான்" என்றனர். எது நிகழ்ந்தாலும் தம் கொள்கைக்குச் சான்றாக்கிக் கொள்ளும் மனநிலைக்குப் பெயர் ஆராய்ச்சி அன்று, நம்பிக்கை. எந்த நிகழ்ச்சியாலும் பொய்யென்று காட்ட முடியாத கொள்கை, எந்தக் கொடுமையையும் நியாயப்படுத்தும்.

இரண்டாவது தவறு, அடைபட்டவனைக் கேட்கவில்லை. கட்டடக் கலைஞரைக் கேட்டனர், சமயப் பெரியோரைக் கேட்டனர், செலவுக் கணக்கரைக் கேட்டனர். எண் 1ஐ யார் கேட்டார்? யாருக்காக இவ்வளவும் செய்வதாகச் சொன்னார்களோ, அவன் வாயைத்தான் முதலில் மூடினர்! பிறருக்கு நன்மை செய்கிறேன் என்று புறப்படுவோர் எவரையும் நாம் கேட்க வேண்டிய கேள்வி இது: "நன்மை பெறுகிறவன் பேச இடம் வைத்திருக்கிறாயா?"

மூன்றாவது தவறு, குற்றத்தை மனிதனுக்குள் மட்டுமே தேடினர். அவனைச் சூழ்ந்த சமுதாயத்தில் தேடவில்லை. கடிகாரம் திருடிய கறுப்பு இளைஞனின் உள்ளத்தில் பாவம் இருக்கிறது, அதைத் தனிமையில் கழுவலாம் என்றனர். அதே நாட்டில் 1830ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 20 இலட்சம் மக்கள் அடிமைகள். தாயிடமிருந்து பிள்ளையைத் திருடியவன், மனிதனின் உழைப்பை வாழ்நாள் முழுவதும் திருடியவன், சட்டமன்றத்தில் வீற்றிருந்தான்! கடிகாரத் திருடனுக்குக் கழுவாய். மனிதத் திருடனுக்கு மாலை. அடிமை முறையை எதிர்த்த அந்த நல்லவர்களுக்கும், திருட்டுக்கும் வறுமைக்கும் உள்ள தொடர்பு சிறை அறையைத் திட்டமிட்டபோது நினைவுக்கு வரவில்லை. அந்த அறையில் அதற்கு இடமில்லை. ஒருவன் தனியாகத்தான் இருக்க முடியும்.

"சரி, அவர்கள் தவறினர். அதற்காகக் கொலைகாரனுக்கும் கொள்ளைக்காரனுக்கும் மெத்தை விரிக்கச் சொல்கிறீர்களா? மகனைப் பறிகொடுத்த தாயின் கண்ணீருக்கு என்ன விடை?" என்று கேட்பார் உளர். கேட்கட்டும், கேட்க வேண்டிய கேள்விதான். அந்தத் தாயின் கண்ணீரை அலட்சியம் செய்துவிட்டுப் பேசும் அறம் நமக்குத் தேவையில்லை. பிறருக்குத் தீங்கு செய்வதையே தொழிலாகக் கொண்டவனைத் தடுத்து நிறுத்தச் சமுதாயத்துக்கு உரிமை உண்டு. சிறை வேண்டாம் என்று நாம் கூறவில்லை. நாம் எழுப்பும் கேள்வி வேறு. ஒருவனுடைய விடுதலையைப் பறிக்கும்போது, அதனோடு சேர்த்து வேறு எதையெல்லாம் பறிக்க நமக்கு உரிமை இருக்கிறது? அவன் பேச்சையா? பெயரையா? அறிவின் தெளிவையா? நீதிபதி விதித்தது 2 ஆண்டு. பித்துப்பிடித்த எஞ்சிய வாழ்நாளை விதித்தவர் யார்?

இந்தக் கேள்விக்கு ஒரு நாடு விடை காண முயன்றிருக்கிறது. 1851இல் பிலடெல்பியாவைப் பார்த்துத் தனிமைச் சிறை கட்டிற்று என்றோமே, அதே நார்வே! அங்கே 2010இல் ஹால்டன் என்னும் ஊரருகே ஒரு சிறை திறக்கப்பட்டது. ஏறத்தாழ 250 கைதிகள். கொலை செய்தோரும் கற்பழித்தோரும் போதைப்பொருள் விற்றோரும் அவர்களுள் உண்டு. சுற்றிலும் 6 மீட்டர் உயரக் கற்காரை மதில், அதிலே ஐயமில்லை. ஆனால் மதிலுக்குள்ளே மரங்களை வெட்டாமல் விட்டனர். சாளரத்துக்குக் கம்பி இல்லை. 12 சதுர மீட்டர் அறை. அதனுள் கட்டில், மேசை, கழிப்பிடம். பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரு பொதுச் சமையலறை. அவர்களே சமைத்து, சேர்ந்து உண்கின்றனர். தச்சுப் பட்டறை, இயந்திரப் பட்டறை, பள்ளி, இசைக்கூடம். காவலர், மையக் கூடத்தில் நின்று கண்காணிப்பதோடு நிற்பதில்லை. கைதிகளோடு அமர்கிறார், உண்கிறார், விளையாடுகிறார். அவர் அந்த வேலைக்கு வருமுன் 2 ஆண்டு கல்வியும் பயிற்சியும் பெற்றாக வேண்டும்.

இதன் அடிப்படை ஒரே விதி. விடுதலை இழப்பே தண்டனை. அதற்கு மேல் தண்டனை இல்லை. உள்ளே வாழ்வு, வெளியே வாழ்வை இயன்ற அளவு ஒத்திருக்க வேண்டும். ஏனெனில் அவன் ஒருநாள் வெளியே வரப்போகிறான். வரும்போது யார் பக்கத்து வீட்டில் குடியேறப் போகிறான்? நம் பக்கத்து வீட்டில்தான்! எப்படிப்பட்டவன் வர வேண்டும் என்பது, அவனை எப்படி நடத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. அந் நாட்டில் விடுதலையானவர்களுள் 2 ஆண்டுகளுக்குள் மீண்டும் தண்டனை பெற்றவர்கள் நூற்றுக்கு 20 பேர் என்று 2010இல் வெளிவந்த ஆய்வு கூறிற்று. நாட்டுக்கு நாடு கணக்கிடும் முறை வேறு. ஆகவே இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு வெற்றி முரசு கொட்ட நாம் விரும்பவில்லை. பிலடெல்பியாவைப் பாராட்டியோர் செய்த அதே தவறை நாமும் செய்வதாகும் அது.

அந்த விதிக்குப் பெருஞ் சோதனை ஒன்றும் வந்தது. 2011 ஜூலை 22இல் ஒரே மனிதன் குண்டு வைத்தும் சுட்டும் 77 பேரைக் கொன்றான்; மாண்டோருள் பெரும்பாலோர் இளைஞர். 2012இல் நீதிமன்றம் அவனுக்கு 21 ஆண்டுத் தடுப்புக் காவல் விதித்தது; ஆபத்து நீங்கவில்லையெனில் மேலும் நீட்டிக்கலாம். அவனும் தன்னைத் தனிமையில் வைத்திருப்பது முறையல்ல என்று அரசின்மீது வழக்குத் தொடுத்தான். 2016இல் கீழ் நீதிமன்றம் ஒரு பகுதியில் அவன் பக்கம் தீர்ப்பளித்தது. 2017இல் மேல் நீதிமன்றம் அதை மாற்றிற்று. வழக்கில் அவன் தோற்றான். ஆனால் வழக்குத் தொடுக்கும் வாயை அந்த நாடு மூடவில்லை! கொலைகாரன்பால் கொண்ட அன்பினாலா? அல்ல. அவன் எப்படிப்பட்டவன் என்பது அவனைப் பொறுத்தது. நாம் எப்படிப்பட்டவர்கள் என்பது நம்மைப் பொறுத்தது என்ற தெளிவினால்.

நார்வேயும் குறைகளற்ற நாடன்று. 2019இல் அந் நாட்டு நாடாளுமன்றத்தின் முறைமன்ற நடுவர், சிறைகளில் பலர் நாளின் பெரும்பகுதியை மனிதத் தொடர்பின்றித் தனியே கழிக்கின்றனர் என்று சிறப்பு அறிக்கை தந்து எச்சரித்தார். நல்ல கட்டடமும் போதிய காவலர் இல்லையெனில் வெறுங் கொட்டடியே. ஆனால் வேறுபாட்டைக் கவனியுங்கள்: பிலடெல்பியாவில் குறையைக் கூற வெளிநாட்டு எழுத்தாளர் வர வேண்டியிருந்தது, இங்கே குறையைத் தேடிச் சொல்வதற்கென்றே நாடு ஒருவரை அமர்த்தியிருக்கிறது. சிறையின் தரத்தை மெத்தையால் அளக்க வேண்டாம்; உள்ளே நடப்பதைக் கேள்வி கேட்க யாருக்கு உரிமை இருக்கிறது என்பதால் அளப்போம்.

பழைய நோய் ஒழிந்துவிடவில்லை. 1994இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் திறக்கப்பட்ட உச்சக் காவல் சிறையில், கட்டிலும் மேசையும்கூடக் கற்காரையால் வார்த்த அறைகளில், நாளொன்றுக்கு 23 மணி நேர அளவு தனிமை விதிக்கப்பட்டது. பிலடெல்பியாவினர், கைதி திருந்துவான் என்றாவது நம்பினர். இங்கே அந்த நம்பிக்கையும் இல்லை. அறை மட்டும் எஞ்சியது! 2015இல் ஐக்கிய நாடுகள் அவை, 27 ஆண்டு சிறையில் வாடிய நெல்சன் மண்டேலாவின் பெயரால் வகுத்த விதிகள், தொடர்ந்து 15 நாளுக்கு மேல் ஒருவரைத் தனிமையில் அடைப்பது கூடாது என்கின்றன. எண் 1க்கு விதித்தது 2 ஆண்டு.

அந்தக் கிழக்கு மாநிலச் சிறை 1971இல் மூடப்பட்டது. 1994 முதல் காட்சிசாலையாகத் திகழ்கிறது. மதிலுக்குள்ளே இடிந்த சுவர்களைக் காண மக்கள் கட்டணம் செலுத்திச் செல்கின்றனர். நின்று, பார்த்து, "எவ்வளவு கொடியவர்கள் அக் காலத்தவர்!" என்று பெருமூச்செறிந்து திரும்புவோர் இருப்பர். அவர்கள் பாதிப் பாடத்தைத்தான் படித்தனர். கொடியவர்கள் கட்டியதன்று அது. நம்மைப் போன்றவர்கள், சீர்திருத்தம் பேசியவர்கள், இரக்கத்தால் உந்தப்பட்டவர்கள் கட்டியது.

ஆகவேதான் இளைஞர்களுக்குக் கூறுகிறோம்: சீர்திருத்தம் செய்யப் புறப்படும் நாம், பகைவரின் கொடுமையை ஆராயும் அதே கண்ணால் நம் நல்லெண்ணத்தையும் ஆராய வேண்டும். திட்டம் வகுத்தபின், அதனால் பாதிக்கப்படுவோனிடம் சென்று, அவன் தலையிலிருக்கும் முகமூடியைக் கழற்றி, அவன் பெயரைச் சொல்லி அழைத்து, "எப்படி இருக்கிறது உனக்கு?" என்று கேட்க வேண்டும். அவன் தரும் விடை நம் கொள்கைக்கு ஒத்துவராவிட்டால், கொள்கையைத்தான் திருத்த வேண்டும்.

சார்லஸ் வில்லியம்ஸ் கடிகாரத்தைத் திருடினான். சமுதாயம் அவனிடமிருந்து காலத்தை எடுத்துக்கொண்டது. அதற்குச் சட்டத்தில் இடமுண்டு. அவன் பெயரையும் குரலையும் எடுத்துக்கொண்டதற்கு எந்த அறத்தில் இடமுண்டு?